ஈர மணலில் ஒரு ஏணி

அக்காவுக்கு ஏழாவது குழியைப் பார்க்க வேண்டும். அங்கே விளையாட வேண்டாம், உறுப்பினராக வேண்டாம், டீ கூட வேண்டாம். ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும்.

அந்த கோல்ஃப் மைதானம் கடற்கரைச் சாலையின் கோடியில் இருந்தது. சாலையிலிருந்து கதவு மட்டும்தான் தெரியும். கதவில் பெயர்ப் பலகை கிடையாது. பெயர் தெரிந்தவன் உள்ளே போவான், தெரியாதவன் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற திமிர். விண்ணப்பித்துச் சேர முடியாது, அவர்களாகக் கூப்பிட வேண்டும். உறுப்பினர்கள் விருந்தாளியைக் கூட்டி வரக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தில் நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கறை தெரியும். அந்தக் கறையை இரண்டு விரலால் விரித்து விரித்தே அக்காவின் செல்போன் கண்ணாடி மங்கிப்போயிருந்தது.

ஏழாவது குழிதான் அந்த இடத்தின் பேச்சு. பந்தை அடிக்கும் இடம் ஒரு பாறையின் உச்சி. குழியைச் சுற்றி வழவழப்பாக வெட்டிய புல்லை கிரீன் என்பார்கள்; அது எதிர்க்கரையில், ஒரு மணல்மேட்டின் பின்னால் இருந்தது. நடுவில் கடல். பலம் குறைந்தால் பந்து மீனுக்கு, கூடினால் புதருக்கு. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியாததைப் பற்றி அக்கா தினமும் பேசுவாள்.

அக்கா ஹோட்டல் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஈரப் படுக்கை விரிப்பை உருளைக்குள் தள்ளி, மறுபக்கம் சூடாக வருவதை உதறி மடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உதறலில் வந்த கை அவளுக்கு. டயர் கிடங்குக்குப் பின்னால் இருந்த பயிற்சிக் கூடத்தில் அவள் அடித்தால் வலை கிழியும். ரொட்டித் தொழிற்சாலையின் இரவு வேலையை விட்டபிறகு பகலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியாமல் நானும் அவளோடு போக ஆரம்பித்தேன். பைத்தியம் ஒட்டிக்கொண்டது.

உண்மையைச் சொன்னால் எங்களில் ஒருவரும் புல்லில் விளையாடியதில்லை. ரப்பர் பாயில் பந்தை வைத்து, நாலு எட்டில் தொங்கும் வலையில் அடிப்போம். அதுதான் எங்கள் கோல்ஃப். குழி, கிரீன், கொடி எல்லாம் டிவியில். விளையாட இடம் இல்லாததால் நாங்கள் மரியாதைகளைப் பிடித்துக்கொண்டோம். ஒருவர் அடிக்கப் போகும்போது மற்றவர் பேசக் கூடாது, அசையக் கூடாது, அவர் பார்வைக்கு நேராக நிற்கக் கூடாது. வலையைப் பார்த்து அடிப்பவனுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்கலாம். அங்கே கேட்டவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

எங்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆள் பல்செட் அண்ணன். பொய்ப்பல் செய்கிறவர். யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், வாயைப் பார்ப்பார். கடற்கரைச் சட்டத்தைக் கண்டுபிடித்தது அவர்தான்.

"தங்கச்சி, கடல் நனைக்கிற மணல் எல்லாருக்கும் பொது. காஞ்ச மணல்தான் கிளப்புக்கு. ஈரத்துலயே நடந்து போனா ஒருத்தனும் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஈரத்துல நின்னா மேடு மறைக்குமேண்ணே."

"அதுக்கு ஏணி வேணும்."

ஏணி அத்தானிடம் இருந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். கோல்ஃப் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் கொட்டாவி வரும். ஆனால் அந்த வாரம் சேதி கொண்டுவந்ததும் அவர்தான். மணல்மேட்டின் மேல் கிளப் உயரமாக ஒரு மரச்சுவர் எழுப்பப் போகிறதாம். பச்சை வண்ணம் பூச ஆள் கேட்டு அவருடைய கூட்டாளி ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

அக்கா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டாள்.

"உங்க ரெட்டை ஏணி வேணும்."

"எதுக்கு?"

"ஏறிப் பார்க்க. ஞாயித்துக்கிழமை காலையில. கடலோரத்துல."

"உப்புத்தண்ணி பட்டா துருப் பிடிக்கும்."

"அலுமினியம் எங்கங்க துருப் பிடிக்கும்?"

"ஆணி அலுமினியம் இல்லடி."

"திரும்பி வந்து நானே தொடைச்சு வைக்கிறேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்ள, உங்கக்காவுக்கு நான் முக்கியமா, ஏணி முக்கியமா, கேளு."

"ஏணி," என்றாள் அக்கா, நான் கேட்பதற்குள்.

"ஏணி தனியா எங்கயும் போகாது. நானும் வரேன்."

அப்படித்தான் நாலு பேரானோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. முன்னால் அத்தானும் பின்னால் நானும் ஏணியைத் தோளில் சுமந்தோம். நடுவில் அக்கா, ஏணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, பாதை சொல்கிறேன் என்ற பெயரில் எங்களை விரட்டினாள். பல்செட் அண்ணன் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, கழுத்தில் பைனாகுலர் தொங்க, ஈரக் கோட்டைக் காலால் தடவித் தடவி நடந்தார்.

"இடது பக்கம் போகாதீங்க, காஞ்சிருக்கு! தம்பி, உன் குதிகால் கிளப்புல இருக்கு!"

நான் குதிகாலை எடுத்தேன். அலை வந்து இடுப்புவரை அடித்தது. அக்கா சிரித்தாள். அவள் சிரித்ததில் ஏணி ஆடியது, ஏணி ஆடியதில் அத்தான் திட்டினார், திட்டியதில் பல்செட் அண்ணனுக்குச் சிரிப்பு வந்து, அவர் கால் தடுக்கி, பைனாகுலரோடு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடமும் ஈரம்தான். அதில் அவருக்கு ஒரு பெருமை.

பாறையைச் சுற்றிக்கொண்டு மணல்மேட்டின் அடிக்கு வந்தோம். மேட்டின் மேல் கம்புகள் இறக்கி வைத்திருந்தார்கள். சுவருக்குத்தான். அக்கா அதைப் பார்த்துவிட்டு ஏணியை இறக்கச் சொன்னாள்.

அத்தான் ஏணியை விரித்தார். இரண்டு பக்கமும் படி உள்ள ஏணி. கால்கள் மணலில் இறங்கின. அவர் பையிலிருந்து பெயிண்ட் டப்பா மூடிகளை எடுத்து ஒவ்வொரு காலுக்கும் கீழே வைத்தார். ஏணி நின்றது. வந்த வேலை முடிந்த முகத்தோடு ஒதுங்கி நின்றார்.

அக்கா முதல் படியில் கால் வைத்தாள்.

"யாரது? எறங்குங்க!"

மேட்டின் உச்சியில் ஒரு காவலாளி நின்றிருந்தார். பின்னால் அவருடைய சின்ன பேட்டரி வண்டி. நல்ல தொப்பை, நல்ல சீருடை, கையில் வாக்கி டாக்கி.

"இது தனியார் இடம்."

"இது ஈர மணல்," என்றார் பல்செட் அண்ணன்.

"அதனால?"

"பொது."

காவலாளி குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தார். அவருக்கும் சட்டம் தெரிந்திருந்தது. நேரம் எடுத்துக்கொண்டு ஏணியின் கால்களையும் பார்த்தார்.

"ஏணியோட நிழல் காஞ்ச மணல்ல விழுது."

"நிழலுக்கும் சந்தா உண்டா?" என்றாள் அக்கா.

"ஏறிப் பார்க்கக் கூடாதும்மா."

"நான் நிக்கிறது ஈரத்துல. பார்வை எங்க வேணா போகும். பார்வை காஞ்ச மணல்ல நடக்குதா என்ன?"

காவலாளி வாக்கி டாக்கியில் யாரையோ கூப்பிட்டார். அங்கிருந்து கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. அதற்குள் அக்கா பாதி ஏணி ஏறிவிட்டாள். இன்னொரு படி. இன்னும் ஒரே ஒரு படி ஏறினால் அவள் தலை மேட்டுக்கு மேலே போகும்.

அப்போது தூரத்துப் பாறையிலிருந்து ஒரு மணி அடித்தது.

காவலாளி கையைத் தூக்கியபடி அப்படியே உறைந்தார். "ஷ்... ஏழுல அடிக்கப் போறாங்க," என்று உதட்டை அசைக்காமல் சொன்னார். அடிப்பவர் மணியடித்தால் வேலைக்காரர்கள் யாராக இருந்தாலும், எங்கே இருந்தாலும், பந்து விழும்வரை அசையக் கூடாதாம். அந்தக் கிளப்பின் வழக்கம். அவர் முதுகு மைதானத்துக்கு, முகம் எங்களுக்கு.

ஏறியிருக்க வேண்டும். எந்தப் பைத்தியக்காரனுக்கும் தெரியும், அதுதான் நேரம் என்று. காவலாளி சிலை மாதிரி நிற்கிறார். ஒரு படி. ஆனால் பல்செட் அண்ணன் தலையைக் குனிந்து கைகளை முன்னால் கோத்துக்கொண்டார். நான் ஒரு காலைத் தண்ணீரிலிருந்து தூக்கியவன் தூக்கியபடியே நின்றேன். டயர் கிடங்குக்குப் பின்னால் பழகிய பழக்கம். அக்கா ஏறவில்லை. ஓசைப்படாமல் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி எறங்குற?" அத்தானின் குசுகுசுப்பு கடலைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

"அவர் குறிக்கு நேரா என் தலை வரும்."

"வந்தா?"

"வரக்கூடாதுங்க."

"அவன் உன்ன உள்ளயே விடமாட்டேங்கறான். நீ அவனுக்காக எறங்குறியா?"

அக்கா விரலை உதட்டில் வைத்தாள். அத்தான் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "என்ன, எல்லாரும் செத்துட்டீங்களா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏணியின் மறுபக்கப் படிகளில் விறுவிறுவென்று ஏறினார். அக்கா அந்தப் பக்கம் இறங்க, இவர் இந்தப் பக்கம் ஏறினார். உச்சிக்குப் போய், வீட்டுக் கூரையைப் பார்வையிடுவது போல இடுப்பில் கை வைத்து நின்றார்.

தூரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு அலை மட்டும்.

"ம்," என்றார் அத்தான். "உள்ள போயிடுச்சு."

"எது?" என்றார் பல்செட் அண்ணன், தலை நிமிராமல்.

"பந்து. குழிக்குள்ள போயிடுச்சு."

"எந்தக் குழி? மணல் குழியா?"

"கொடி நட்டிருக்கே, அந்தக் குழி."

பல்செட் அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாவம், அவருக்கு என்ன தெரியும் என்பது எங்கள் பார்வை. ஒரே அடியில் குழி, ஹோல்-இன்-ஒன், என்பது வாழ்நாளெல்லாம் விளையாடுகிறவனுக்கும் வாய்க்காத சங்கதி. அதைக் கொட்டாவி விடும் குரலில் யாரும் சொல்வதில்லை.

காவலாளிக்கு உயிர் வந்தது. மேட்டிலிருந்து சறுக்கி இறங்கி, அக்கா ஏறிய பக்கத்துப் படியில் பூட்ஸ் காலை வைத்து அழுத்திக்கொண்டார். "போதும். நீங்க ஏற வேண்டாம். சார், நீங்களும் எறங்குங்க."

"இருங்க," என்றார் அத்தான். "அடிச்ச பெரியவர் கரையச் சுத்தி வண்டியில வந்துட்டாரு. பந்தத் தேடுறாரு."

"எங்க தேடுறாரு?" என்றாள் அக்கா.

"புதர்ல. குச்சிய விட்டுக் கிளறுறாரு... இப்ப மணல் பள்ளத்துல எறங்கிட்டாரு. மண்டி போடுறாரு. ஐயோ, எந்திரிக்க முடியலயே. எந்திரிச்சிட்டாரு... திரும்பவும் புதருக்குப் போறாரு." கிரிக்கெட் வர்ணனை மாதிரி இருந்தது. "என்னய்யா இந்த மனுஷன், குழியில பார்க்கவே மாட்டேங்கறாரு?"

"யாரும் அங்க பார்க்கமாட்டாங்க மச்சான்," என்றார் பல்செட் அண்ணன்.

அத்தானால் பொறுக்க முடியவில்லை. கையைக் குவித்துக் கத்தினார்: "சார்! அங்க இல்ல! குழிக்குள்ள! குழிக்குள்ள பாருங்க!"

பிறகு ஒரு அலறல். வலியா சந்தோஷமா என்று பிரிக்க முடியாத அலறல். காவலாளியின் கை வாக்கி டாக்கிக்குப் போனது.

மேட்டின் உச்சியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு கிழவர் தோன்றினார். முட்டியெல்லாம் மணல். கையை நீட்டியபடி, அதில் ஒரு பந்தை, புதிதாய்ப் பிறந்த குழந்தையைக் காட்டுவது மாதிரி காட்டிக்கொண்டு நின்றார்.

"பார்த்தீங்களா? யாராச்சும் பார்த்தீங்களா?"

காவலாளி விறைப்பாக நின்றார். "நான் இவங்களப் பார்த்துட்டு இருந்தேன் சார்."

"சனியனே," என்றார் தொப்பிக்காரர், அன்பாகத்தான். பிறகு எங்களிடம், மூச்சு வாங்க விளக்கினார். கூட விளையாட வந்தவர் முழங்கால் வலி என்று நாலாவது குழியோடு வீட்டுக்குப் போய்விட்டாராம். கிளப்பின் கூடத்தில் ஏழாவது குழிக்கென்று ஒரு பலகை இருக்கிறதாம். கிளப் ஆரம்பித்ததிலிருந்து அது காலி. முதல் பெயர் அவருடையதாக இருக்கும். ஆனால் பந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்த ஓர் ஆள் வந்து சொல்ல வேண்டும். ஆள் இல்லையென்றால் அடியும் இல்லை. குழிக்குள் பந்தை யார் வேண்டுமானாலும் போட்டுவிட்டுக் கத்தலாம் அல்லவா?

"அம்மா, மணியடிக்கும்போது மேட்டோரமா ஏணி ஆடுறதப் பார்த்தேன். நீங்கதானே மேல? நீங்க பார்த்தீங்க. பார்த்தீங்கதானே? வாங்க, உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

உள்ளே வாருங்கள் என்றார். அந்த மேட்டுக்குப் பின்னால், அக்காவிடமிருந்து இருபது அடியில், ஏழாவது குழி. நாளை சுவர். ஒரு 'ஆமாம்' போதும். அது பொய்கூட இல்லை. பந்து நிஜமாகவே உள்ளே போயிருக்கிறது. நானாக இருந்தால் ஆமாம் சொல்லி, பந்து எந்தப் பக்கம் சுழன்றது என்பதுவரை சொல்லியிருப்பேன். அவள் முதுகில் கிள்ளினேன்கூட.

"இல்லீங்க," என்றாள் அக்கா. "நான் பார்க்கல. உங்க பார்வைக்கு நேரா வரக்கூடாதுன்னு எறங்கிட்டேன்."

"எறங்கிட்டீங்களா?"

"மணி அடிச்சதும்."

தொப்பிக்காரர் அவளை வெறித்துப் பார்த்தார். அந்தச் செயலின் அருமையும் தனக்கு விழுந்த அடியும் அவர் முகத்தில் ஒரே நேரத்தில் ஏறியதில், அழுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் தவித்தார். பல்செட் அண்ணன் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பார்த்தேனே," என்றார் அத்தான், மேலேயிருந்து.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். குழிக்குள் பார்க்கச் சொல்லிக் கத்தியவரே ஒரு சாட்சி என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவேயில்லை.

"நீங்க... கோல்ஃப் விளையாடுவீங்களா?"

"எனக்கு வேற வேலை இருக்கு."

"என்ன பார்த்தீங்க, சொல்லுங்க."

"வெள்ளைப் பந்து. வெள்ளைன்னா சுத்த வெள்ளை இல்ல, ஒரு சொட்டு மஞ்சள் கலந்த வெள்ளை. கொடிக்குப் பின்னால விழுந்துச்சு, தாண்டிப் போயிடுச்சுன்னு நெனச்சேன். அங்க தரை சரிவு போல, ரிவர்ஸ்ல வந்துச்சு. வந்து, கொஞ்சம் யோசிச்சு, விழுந்துச்சு. இதுக்கு எதுக்கு சார் இவ்வளவு?"

தொப்பிக்காரர் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். சுத்த வெள்ளை இல்லை. "பின்னால விழுந்து, திரும்பி வந்துச்சு," என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அவரே பார்க்காத தன் அடியை அவருக்கு ஒரு பெயிண்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "எறங்குங்க! வாங்க! கூடத்துக்குப் போவோம்!"

அத்தான் இறங்கினார். நிதானமாக ஏணியை மடக்கினார்.

"முதல்ல இவ பார்க்கட்டும்," என்றார். "அப்புறம் நான் வந்து சொல்றேன்."

"எதைப் பார்க்கணும்?"

"அந்தக் குழிய. பக்கத்துல நின்னு. எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம்."

"சார், வெளியாளுங்க காஞ்ச மணல்ல..." என்று ஆரம்பித்தார் காவலாளி.

"நீ ஏணிய ஒரு பக்கம் பிடி," என்றார் தொப்பிக்காரர்.

கூப்பிட்டால்தான் நுழைய முடியும் என்ற அந்த மைதானத்துக்குள் நாங்கள் இப்படித்தான் நுழைந்தோம்: ஏணியின் முன்னால் காவலாளி, பின்னால் நான், பக்கத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டு அத்தான், அவர் தோளை விடாமல் பிடித்துக்கொண்டு தொப்பிக்காரர். பல்செட் அண்ணன் ஒவ்வொரு அடியிலும் "காஞ்ச மணல், காஞ்ச மணல்" என்று முணுமுணுத்தார்.

அக்கா மேட்டில் ஏறி நின்றாள்.

வரைபடத்துக் கறை இங்கே ஒரு சாய்ந்த தட்டு மாதிரி கடலின் விளிம்பில் கிடந்தது. புல் அவ்வளவு குட்டையாக இருக்குமென்று நான் நினைக்கவில்லை. காற்றில் கொடி படபடத்தது. இரண்டு மணல் பள்ளங்கள், அதில் ஒன்றில் கிழவர் மண்டி போட்ட தடம். அந்தப் பக்கம் பாறை, நடுவில் தண்ணீர் எகிறி எகிறி வெள்ளையாக விழுந்தது. அவ்வளவுதான். அவ்வளவும் இருந்தது.

அக்கா செருப்பைக் கழற்றினாள். கிரீனைச் சுற்றி ஓரமாக ஒரு வட்டம் நடந்தாள். குந்தி உட்கார்ந்து, சலவைக்கூடத்தில் விரிப்பின் சூட்டைப் பார்ப்பது மாதிரி புறங்கையால் புல்லைத் தொட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அது தொற்றிக்கொண்டு நான் சிரித்தேன், பல்செட் அண்ணன் சிரித்தார், காவலாளி ஏணியைப் பிடித்தபடி எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

"ஒரு தட்டு தட்டிப் பார்க்கறீங்களா?" என்றார் தொப்பிக்காரர். அன்று அவர் எதையும் கொடுத்திருப்பார், அந்தப் பந்தைத் தவிர. பையிலிருந்து வேறொரு பந்தையும், பந்தை உருட்டும் கோலையும் எடுத்து நீட்டினார்.

குழிக்கும் பந்துக்கும் நடுவில் நாலே எட்டு. அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துத் தட்டினாள். வலையைக் கிழிக்கிற கை அது. பந்து குழியைத் தாண்டி, கிரீனைத் தாண்டி, பள்ளத்தில் விழுந்தது.

பல்செட் அண்ணன் ஓடிப்போய் எடுத்து வந்து வைத்தார். இரண்டாவது, குழிக்கு வெகு தூரம் முன்னாலேயே நின்றது. மூன்றாவது சரிவில் வளைந்து எங்கோ போனது. நாலாவது குழியின் உதட்டைத் தொட்டுவிட்டு, வேண்டாம் என்று விலகிக்கொண்டது.

"தப்பா அடிக்கிறியோ?" என்றார் அத்தான்.

"பேசாம இருங்க."

"இல்ல, அவரு அந்தப் பாறைலேர்ந்து ஒரே அடியில போட்டாரு. நடுவுல கடல் வேற. நீ குழி பக்கத்துலயே நிக்கிற."

"அது வேற, இது வேற."

"எனக்குத் தெரிஞ்சு இந்த ஆட்டம் அப்படித்தான். ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். அடிச்சா உள்ள போகுது."

அக்கா கோலை ஓங்கிக்கொண்டு அவரைத் துரத்தினாள். ஏழாவது குழியைச் சுற்றி, கொடியைச் சுற்றி, வெறுங்காலோடு. அத்தான் "சாட்சிய அடிக்கக் கூடாது! சாட்சிய அடிக்கக் கூடாது!" என்று கத்தியபடி ஓடினார். தொப்பிக்காரர் தன் சாட்சியைக் காப்பாற்ற அவர்கள் பின்னால் ஓடினார்.